கடித்த நாயைப் பார்க்கப் போன பத்து நாட்கள்

உடுவிலிலிருந்து கொழும்புத்துறைக்கு நான் சைக்கிளில் போய்வந்த இரண்டு ஆண்டுகளில், வழியில் எனக்குத் தெரிந்த மனிதர்களைவிடத் தெரிந்த நாய்களே அதிகம். யுத்தத்தால் பெற்றோல் இல்லாமற்போய், வாகன இரைச்சல் ஓய்ந்து, வீதிகள் எல்லாம் சைக்கிள்களுக்கே உரியவையாகிவிட்ட காலம் அது. எனக்கு இருபத்தாறு வயது. கொழும்புத்துறையில் கடலுக்குக் கிட்ட இருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். காலை ஆறரைக்குப் படலையைச் சாத்திவிட்டு ஏறினால் ஏழரைக்குள் போய்ச் சேரலாம்.

அந்த ஒரு மணி நேரமும் நான் விழித்திருந்தேன் என்று சொல்லமுடியாது. இரவில் விமானச் சத்தம் கேட்டால் எழுந்து பதுங்குகுழிக்குள் போய் இருந்துவிட்டு வந்து படுப்போம். விட்ட நித்திரையெல்லாம் காலையில் சைக்கிளில் வந்து ஏறிக்கொள்ளும். கால்கள் தம்பாட்டில் மிதிக்கும். செம்மண் தோட்டங்களில் வெங்காயத் தாள்கள் பனியில் நனைந்து நிற்கும். யாரோ கிணற்றில் தண்ணீர் இறைக்கத் துலா மிதிக்கிற சத்தம் எங்கிருந்தோ வரும், பிறகு பின்னால் போய்விடும். திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய்க் கடகங்களை இறக்குகிறவர்களின் குரல்கள் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோலக் கேட்கும். நல்லூர் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் காற்றின் மணம் மாறி உப்பு முகத்தில் படும்போது அரைவாசி விழிப்பு வரும். மிச்ச அரைவாசியை நாய்கள் எழுப்பும்.

வீட்டுக்காரர் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்ட வீடுகள் அந்தப் பக்கம் நிறைய இருந்தன. கதவுகளைப் பூட்டித் திறப்பை அயலில் கொடுத்துவிட்டுப் போனவர்கள் நாய்களைக் கொண்டுபோகவில்லை. அவை தங்கள் வளவுகளை விட்டுப் போகாமல், யாராவது போட்டதைத் தின்று, முன்னைப்போலவே காவல் காத்தன. காவல் காக்க வீட்டுக்குள் ஒன்றுமில்லை என்பது அவற்றுக்குத் தெரியாது. வீதியையும் சேர்த்துக் காத்தன.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் இருக்கிற அறையில் பாதிக் கதை நாய்க் கதைதான். அதிபர், நாய் துரத்தினால் இரண்டு காலையும் தூக்கி ஹாண்டிலில் போட்டுவிடுவாராம். சேலை கட்டிக்கொண்டு அதைச் செய்ய முடியாது. விஞ்ஞானம் படிப்பித்தவர் மிளகாய்த்தூளைக் கடதாசியில் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்து, ஒருநாள் எதிர்க்காற்றில் வீசி, கண் சிவந்து பாடசாலைக் கிணற்றடியில் ஒரு பாடவேளை முழுவதும் இருந்தார். தையல் ரீச்சரிடம் ஒரு கறுப்புக் குடை. நாய் கிட்ட வந்ததும் அதன் முகத்துக்கு நேரே படாரென்று விரிப்பார். அது நல்ல வழி என்று நானும் நினைத்தேன். ஆனால் குடையை விரிக்கிறபோது என் சைக்கிள் எந்தப் பக்கம் போகும் என்பது எனக்கே தெரியாது. கல்லுக் குனிகிறமாதிரிக் குனிந்தாலே சில நாய்கள் போய்விடும். குனிவதற்கு முதலில் நிற்கவேண்டும். நிற்பதற்குத் துணிவு வேண்டும்.

என் வழி மெதுவானது. நாய் இருக்கும் இடம் வருமுன்னரே இறங்கிவிடுவேன். எனக்கும் அதற்கும் நடுவில் சைக்கிளை வைத்துக்கொண்டு, அதன் கண்ணைப் பார்க்காமல், ஓடாமல், மெல்லிய குரலில் ஏதாவது சொல்லிக்கொண்டே நடப்பேன். பெரும்பாலும் பதினேழாம் வாய்பாடு. ஓரேழு, ஈரேழு எல்லாம் வாயில் தன்பாட்டில் வந்துவிடும், மனதைப் பிடித்து வைக்காது. பதினேழு அப்படியல்ல, கொஞ்சம் யோசிக்க வேண்டும். யோசிக்கிற குரலில் பயம் குறைவாக இருக்கும் போலும். நூற்றுப் பத்தொன்பது, நூற்று முப்பத்தாறு என்று நான் சொல்லிக்கொண்டு போக, நாய் கூடவே குரைத்துக்கொண்டு வந்து, ஒரு எல்லையில் நின்றுவிடும். அவற்றுக்கு எல்லைகள் இருந்தன. எங்களுக்குத் தெரியாத கோடுகள்.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்புகிற ஒழுங்கையில் ஒரு மதகு இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் இரும்புக் கேற் போட்ட ஒரு வெறும் வீடு. எதிர்ப்புறம் ஒரு மீன்பிடிக் குடும்பம். வெள்ளை உடம்பும் ஒரு காது மட்டும் கறுப்புமான ஒரு நாய் அந்த மதகில் இருக்கும். நடந்து போகிறவர்களை அது ஏறிட்டும் பார்க்காது. சைக்கிள் என்றால் எழுந்துவிடும். சில்லுச் சுற்றுவதை அதனால் பொறுக்க முடியாது. எதிர்வீட்டு அக்கா முற்றத்தில் பாயை விரித்துக் கருவாடு போட்டுக்கொண்டிருப்பார். மீன் தலைகளை ஒழுங்கைக்குக் குறுக்கே எறிவார், நாய் போய்த் தின்னும். அவருக்கும் எனக்கும் அதுவரை சிரிப்பு மட்டும்தான் பழக்கம்.

தை மாதத்துப் பனிக்காலம். அன்று பனி அவ்வளவு கட்டியாக இருந்தது, முன்னால் போகிறவரின் கரியர் தெரியும், அவரைத் தெரியாது. நல்லூரைத் தாண்டிவிட்டேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. ஏதோ ஒரு நீண்ட வெள்ளைச் சீலைக்குள்ளால் போய்க்கொண்டிருக்கிறேன், அது முடியாது, முடியவும் வேண்டாம் என்று இருந்தது. பனிக்குள் ஒரு கறுப்புப் புள்ளி மிதந்து வந்தது. அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். அது நாயின் காது.

இறங்க நேரமில்லை. அது குரைக்கவுமில்லை. பயத்தில் காலை உதறினேன், செருப்பு அதன் மூக்கில் பட்டது. அடுத்த கணம் கெண்டைக்காலில் ஆணி அடித்தமாதிரி இருந்தது. சைக்கிளும் நானும் கொப்பிக் கட்டும் ஒழுங்கையில் கிடந்தோம். நாய் ஒருமுறை கடித்துவிட்டு விட்டுவிட்டது. கொஞ்சத் தூரத்தில் போய் நின்று, சில்லு இன்னும் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்துக் குரைத்தது.

எதிர்வீட்டு அக்கா ஓடிவந்தார்.

"ரீச்சர், எழும்பாதேங்கோ. எங்கை கடிச்சது, காட்டுங்கோ."

நான்கு பல் பதிந்திருந்தது. இரண்டில் இரத்தம். அவர் என்னைக் கைத்தாங்கலாகக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், வாளி வாளியாக அள்ளிக் காலில் ஊற்றினார். பிறகு உள்ளே போய் ஒரு தகரப் பேணியிலிருந்து சவர்க்காரத் துண்டொன்றை எடுத்துவந்தார். அப்போது சவர்க்காரம் கிடைப்பதே அருமை. பெருநாளுக்கென்று ஒளித்து வைத்திருந்த துண்டு அது என்று பின்னால் அறிந்தேன். அது கரைந்து கையில் இல்லாமற்போகும்வரை தேய்த்துக் கழுவினார்.

"சுண்ணாம்பு பூசுவமே?"

"வேண்டாம் அக்கா. ஆஸ்பத்திரிக்குப் போறன்."

"அதுதான் சரி. விசர் கிசர் எண்டால்..." என்றவர், அந்தச் சொல்லைச் சொன்னதற்காகத் தன் வாயிலேயே தட்டிக்கொண்டார்.

செய்தி கேட்டு வந்த தையல் ரீச்சர் என்னைத் தன் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வரிசையில் இருந்த நேரமெல்லாம் அவர் குடையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். டொக்டர் இளவயதுக்காரர், பல நாள் நித்திரையில்லாத முகம். காயத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் கழுவச் சொன்னார். பிறகு கேட்டார்.

"நாய் ஆற்றை?"

"ஒருதற்றையும் இல்லை. ஆக்கள் போன வீட்டு நாய்."

"எப்பிடி இருந்தது? வாயிலை நுரை, தள்ளாட்டம்?"

"இல்லை. நான் காலாலை அடிச்சுப்போட்டன். அதுதான் கடிச்சது."

அவர் பேனையை மேசையில் வைத்தார். தொப்புளைச் சுற்றிப் போடுகிற அந்த ஊசியைப் பற்றி எல்லோரையும்போல நானும் கேள்விப்பட்டிருந்தேன். பதினான்கு நாள், பதினான்கு ஊசி. ஆனால் மருந்து வருவதே அபூர்வமாயிருந்த நாட்கள் அவை. மண்ணெண்ணெயில் ஓடுகிற குளிர்ப்பெட்டிக்குள் இரண்டு பேருக்குப் போதுமான அளவுதான் இருப்பதாகச் சொன்னார்.

"ரீச்சர், நான் சொல்லுறதை வடிவாய்க் கேளுங்கோ. விசர் நாயெண்டால் பத்து நாளைக்குள்ளை செத்துப்போகும். பத்து நாளும் நல்லாய் இருந்துதெண்டால் உங்களுக்கு ஒண்டுமில்லை. ஒரு ஆளின்ரை ஊசியை உங்கடை பேரிலை எடுத்து வைக்கிறன். நாய் தின்னாமல் விட்டாலோ, குடிக்காமல் விட்டாலோ, காணாமல் போனாலோ அண்டைக்கே வாங்கோ. பத்து நாளும் அது உங்கடை கண்ணிலை இருக்கோணும்."

"நான் அதைப் பாக்கவேணுமோ?"

"ஓம். நீங்கள்தான்."

திரும்பி வரும்போது பனி விலகி வெயில் ஏறியிருந்தது. ஒழுங்கைக்குள் திரும்பியதும் கேற்றடியில் நாலைந்து ஆண்கள் நிற்பது தெரிந்தது. கையில் பொல்லுகள். எதிர்வீட்டு அக்காவின் கணவர் துடுப்பொன்றைத் தோளில் வைத்திருந்தார். பள்ளிக்கூட ரீச்சரைக் கடித்த நாய்க்குத் தண்டனை கொடுக்க வந்தவர்கள். நாய் வெறும் வீட்டு விறாந்தை மூலையில் ஒடுங்கி நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

நான் கரியரிலிருந்து குதித்தேன். கால் வலித்ததா என்று நினைவில்லை.

"அண்ணை, அடிக்காதேங்கோ."

"உங்களைக் கடிச்ச நாய் தானே ரீச்சர்?"

"ஓம். அதாலைதான் சொல்லுறன். அது செத்தால் எனக்கு விசரோ இல்லையோ எண்டு தெரியாது. அது பத்து நாளைக்கு உயிரோடை இருக்கோணும்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நாய்க்கு அஞ்சி அஞ்சி அந்த ஒழுங்கையில் இறங்கி நடந்த நான், நாய்க்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன். நாய் என் முதுகுக்குப் பின்னால் உறுமியது. எந்தப் பக்கம் பயப்படுவது என்று தெரியவில்லை.

அக்காதான் கேட்டார். "அப்ப உந்த நாயை எப்பிடிப் பிடிக்கிறது? விட்டால் ஓடிப்போடுமே." பிறகு கணவரைப் பார்த்து, "இஞ்சாருங்கோ, வீச்சுவலையை எடுங்கோவன்" என்றார்.

அவர் வலையை எடுத்துவந்து, நான் விலக நாய் முற்றத்துக்குப் பாய்ந்ததும், ஆழமில்லாத களக்கடலில் நிற்கிறமாதிரிச் சற்றுக் குந்தி, இடுப்பைத் திருப்பி வீசினார். வலை முற்றத்து வெயிலில் ஒரு பெரிய வட்டமாக விரிந்து, ஒரு கணம் அப்படியே ஆகாயத்தில் நின்றது. ஈயக் குண்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரேசமயம் நிலத்தில் விழுந்த சத்தம் மழை தொடங்கினமாதிரி இருந்தது. நாய் துள்ளியது, உருண்டது, பிறகு அடங்கியது. வலைக்கு மேலால் சாக்கைப் போட்டு அமர்த்தி, வள்ளம் கட்டுகிற சங்கிலியை அதன் கழுத்தில் மாட்டி, வளவு மாமரத்தில் கட்டினார்கள். முழுவதும் முடிந்தபின் அவர் வலையை வெளிச்சத்துக்குப் பிடித்து, எங்கெங்கே அறுந்திருக்கிறது என்று பார்த்தார்.

அன்றிலிருந்து காலையில் பள்ளிக்கூடம் தொடங்குமுன் ஒருமுறையும், விட்டபிறகு ஒருமுறையும் நான் நாயைப் பார்க்கப் போனேன். சங்கிலி எட்டாத தூரத்தில் அக்கா நான் உட்கார ஒரு வாங்கைக் கொண்டுவந்து போட்டிருந்தார். முதல் நாள் நாய் என்னைக் கண்டதும் சங்கிலியின் நுனிமட்டும் வந்து குரைத்தது. குரைக்கட்டும் என்று இருந்தேன். குரைத்தால் நல்லது, குரல் மாறவில்லை. இரண்டாம் நாளும் குரைத்தது. மூன்றாம் நாள் நான் சைக்கிளை ஒழுங்கையிலேயே விட்டுவிட்டு நடந்து போனேன், அது குரைக்கவில்லை. சைக்கிள் இல்லாத என்னை அதற்கு யாரென்று தெரியவில்லையோ, தெரிந்தும் பொருட்படுத்தவில்லையோ.

என் மத்தியானச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு பாதியை வாழையிலையோடு தள்ளிவிடுவேன். அது முதலில் இலையை மணக்கும், பிறகு என்னைப் பார்க்கும், பிறகு தின்னும். ஒவ்வொரு வாயையும் நான் எண்ணினேன். வீட்டில் அம்மாவுக்குச் சொல்லவில்லை. சைக்கிளால் விழுந்தேன், கல் வெட்டியது என்று சொல்லிவைத்தேன். அம்மா, கட்டித் தந்த சோறு போதவில்லைப்போல, பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் நான் பானையைத் துழாவுவதைப் பார்த்துவிட்டு, "இப்பதான் பிள்ளைக்குப் பசிக்கத் தொடங்கியிருக்கு" என்று சந்தோசப்பட்டார்.

விசர் பிடித்தால் தண்ணீரைக் கண்டு பயம் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நாட்களில் நான் தண்ணீரைப் பார்த்த பார்வையை வேறெப்போதும் பார்த்ததில்லை. காலையில் கிணற்றடியில் வாளியைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, உள்ளே ஏதாவது நடுங்குகிறதா என்று காத்திருப்பேன். தண்ணீரில் என் முகமும் கமுகின் ஒரு ஓலையும் ஆடும். மனம் அமைதியாக இருக்கும். அமைதியாக இருப்பதே சந்தேகமாயிருக்கும். அப்படியெல்லாம் இவ்வளவு விரைவில் வராது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அறிவுக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை, தண்ணீர்க் கோப்பையைத் தூக்கும்போது கை தன்பாட்டில் நின்றது.

நாயைப் பார்த்தபிறகு சில பின்னேரங்களில் ஒழுங்கை முடிவுவரை நடந்து போவேன். அங்கே களக்கடல். அலையில்லாத, முழங்காலளவு தண்ணீர், தொடுவானம்வரை ஒரே நிறமாகக் கிடக்கும். நீருக்கு நடுவில் யாரோ ஒருவர் இடுப்பில் மீன் போடுகிற பறியோடு நின்றுகொண்டிருப்பார், அவர் எதன்மேல் நிற்கிறார் என்றே தெரியாது. இவ்வளவு தண்ணீரையும் பார்த்துக்கொண்டு நிற்க முடிகிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். தலைக்கு மேலால் கொக்குகள் சத்தமின்றிப் போகும். நான் இருக்கிறேனா, இதெல்லாம் பனிக்குள் சைக்கிளிலிருந்து விழாமலே காண்கிற கனவா என்று ஒருநாள் உண்மையாகவே யோசித்தேன். கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தேன். வலித்தது.

அக்காவும் சிலவேளை வாங்கில் வந்து இருப்பார். கடலுக்குப் போகத் தடை இருந்த நாட்களில் கணவர் கரையோரத்தில் மட்டும் வீசுவாராம், வீட்டுக்குப் போதுமான மீன்தான் படும். அந்த மீனின் தலை இப்போதும் நாய்க்கே போனது. இந்த நாய் ஏன் சைக்கிளைக் கண்டால் பாய்கிறது என்று நான் கேட்டேன்.

"அந்த வீட்டுக்காரர் போகேக்கை ஒரு காரும் இல்லை ரீச்சர். நாலு சைக்கிளிலை சாமான் கட்டிக்கொண்டு போனவை. இது சந்திமட்டும் பின்னாலை ஓடினது. நான்தான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தனான்." கையில் ஒட்டியிருந்த மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டு, "அதாலைதானோ, அல்லது முதலே அப்பிடியோ, ஆருக்குத் தெரியும்" என்றார்.

ஆறாம் நாள் பின்னேரம் நான் போனபோது, காலையில் நேரமாகிவிட்டதென்று வைத்துவிட்டு ஓடிய சோறு அப்படியே கிடந்தது. எறும்பு மொய்த்திருந்தது. நாய் மாமரத்து வேரில் தலையை வைத்துப் படுத்திருந்தது. நாக்கு வெளியே தொங்கியது. என்னைக் கண்டு எழும்பவில்லை.

அக்கா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நேற்றுப் பின்னேரத்திலையிருந்து தண்ணி குடிக்கேல்லை, ரீச்சர். காலமை சொல்லுவம் எண்டு பாத்தனான். நீங்கள் பிள்ளையளுக்குப் படிப்பிக்கப் போறியள், ஏன் மனதைக் குழப்புவான் எண்டு விட்டன்."

"ஒரு சொட்டும் குடிக்கேல்லையோ?"

"கிட்டப் போகும், மணக்கும், பின்வாங்கும். தண்ணியைக் கண்டால் பின்வாங்குது." அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "நான் அந்தோனியாருக்கு நேர்ந்திருக்கிறன்."

வாங்கில் இருந்துவிட்டேன். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பது தெரியும். எழும்ப முடியவில்லை. மாமர நிழல் நிலத்தில் மெல்ல ஆடுவதையும், அதற்குள் நாயின் விலா எழுந்து தாழ்வதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினேழாம் வாய்பாட்டைச் சொல்லிப் பார்த்தேன், ஐம்பத்தொன்றில் நின்றுவிட்டது. அடுத்தது என்னவென்று தெரியவில்லை. கணித ரீச்சருக்குத் தெரியவில்லை. இதுதான் தொடக்கமோ என்று நினைத்தேன்.

அப்போது கடலிலிருந்து காற்று திரும்பியது. காற்றில் ஒரு மணம். எங்கள் வீட்டுக் குசினி விளக்கு மாடத்தின் மணம். இங்கே விளக்கு எங்கே என்று சுற்றிப் பார்த்தேன். நாய்க்கு முன்னால் தண்ணீர் இருந்தது ஒரு தகரத்தில். நாலுமூலைத் தகரத்தைக் குறுக்கே வெட்டிச் செய்தது.

"அக்கா, முந்தி ஒரு சட்டியிலையெல்லோ தண்ணி வைச்சனீங்கள்?"

"ஓம். சங்கிலி பட்டு அது உடைஞ்சுபோச்சு. நேற்றுத்தான் இவர் உந்தத் தகரத்தை வெட்டித் தந்தவர்."

"என்ன தகரம்?"

"மண்ணெண்ணைத் தகரம். நல்லாய்க் கழுவித்தானே..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். எழும்பிப் போய்க் குனிந்து மணந்தார். தண்ணீரின் மேல் மயிற்கழுத்து நிறத்தில் ஒரு மெல்லிய படலம் மிதந்தது. அவர் வீட்டுக்கு ஓடினார். திரும்பி வந்தபோது கையில் கறி வைக்கிற மண்சட்டி. அடுப்பிலிருந்து இறக்கிக் கழுவிய சூடு இன்னும் அதில் இருந்தது. அதில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, துடுப்பின் நுனியால் நாயிடம் தள்ளினோம்.

அது தலையைத் தூக்கிற்று. சட்டியை மணந்தது. ஒருமுறை நக்கியது. பிறகு முன்கால்களை அகட்டி நின்று குடிக்கத் தொடங்கியது. சலப், சலப் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அந்தச் சத்தம் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. சட்டி வெறுமையானதும் அது எங்களைப் பார்த்தது. அக்கா மறுபடி ஊற்றினார். அதையும் குடித்தது. வெயிலில் கிடந்து தாகித்த உடம்பு தின்னவும் மறந்திருந்தது. மூன்றாம் சட்டி ஊற்றியபோது அக்கா அழுதுகொண்டிருந்தார். நான் வாளியைத் தூக்கி, மிச்சத் தண்ணீரை அப்படியே வாயில் ஊற்றிக் குடித்தேன். சேலையெல்லாம் நனைந்தது.

இருந்தாலும் மறுநாள் காலையில் டொக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இப்போது தின்கிறதா என்று கேட்டார். ராத்திரியே தின்றுவிட்டது என்றேன். "அப்ப இன்னும் மூண்டு நாள்" என்றார்.

பத்தாம் நாள் பின்னேரம் அது நன்றாகக் குரைத்தது. நாங்கள் நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். அக்காவின் கணவர் நீண்ட கொக்கத்தடியால் சங்கிலிக் கொளுக்கியைக் கழற்றினார். பாய்ந்து ஓடும் என்று எல்லோரும் ஒதுங்கி நின்றோம். அது ஓடவில்லை. விடுபட்டது தெரியாமல், சங்கிலி எட்டும் தூரத்துக்குள்ளேயே சுற்றிவந்து, மறுபடி வேரில் படுத்துக்கொண்டது. பொழுது சாயும்வரை அப்படியே கிடந்தது.

அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"அந்த நாய்க்கு என்ன குடுத்தனீ?"

"சோறு."

"நான் கட்டித் தந்த சோறோ?"

"ஓம்."

அம்மா மறுபடி துருவத் தொடங்கினார். அடுத்தநாள் என் சோற்றுப் பொட்டலம் கைக்குப் பாரமாயிருந்தது. உள்ளே வேறாக மடித்த இன்னொரு சிறிய பொட்டலம், அதில் உப்புப் போடாத சோறு.

நாய் மதகுக்குத் திரும்பிவிட்டது. நான் முன்னைப்போலவே ஒழுங்கைத் தொடக்கத்தில் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தேன். அது எழும்பாது. பொட்டலத்தை வைத்துவிட்டுப் போவேன், நான் போனபிறகு தின்னும். வாலை ஆட்டியதில்லை, பின்னால் வந்ததில்லை. ஒரே ஒருநாள் நேரம் போய்விட்டதென்று இறங்காமல் மிதித்தேன். மதகிலிருந்து எழும்பிப் பாய்ந்து வந்தது. சில்லுச் சுற்றுகிற எவரும் அதற்கு ஒன்றுதான். நான் உடனே நிறுத்தி இறங்கினேன். அது மூச்சிரைக்க நின்று, என்னைப் பார்த்து, வெட்கப்பட்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது. வெட்கம் என்பது என் கற்பனையாக இருக்கலாம்.

ஆனால் ஒழுங்கையில் அதற்கு ஒரு பெயர் வந்துவிட்டது. ரீச்சரின்ரை நாய். அது யாரைத் துரத்தினாலும் முறைப்பாடு எனக்கு வரும். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒருநாள் கணக்கை நிறுத்திவிட்டு, நாய் வந்தால் ஓடக்கூடாது, சைக்கிளென்றால் இறங்கவேண்டும், கடித்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவி வீட்டில் சொல்லவேண்டும், மறைக்கவே கூடாது என்று சொல்லிக்கொடுத்தேன். கடைசி வரியைச் சொல்லும்போது பிள்ளைகளைப் பார்க்காமல் கரும்பலகையை அழித்தேன்.

பங்குனி வெயிலில் ஒருநாள், நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது, வாசலில் வயதான ஒருவர் சைக்கிளோடு வந்து நின்றார். வேட்டியின் கரை ஒரு முழத்துக்குக் கிழிந்து தொங்கியது. காலில் காயமில்லை என்பதை முதலில் பார்த்துக்கொண்டேன்.

"நீங்கள்தானே நாய்க்கார ரீச்சர்?"

மறுத்துச் சொல்ல வாய் எடுத்தேன். பிறகு, "ஓம் ஐயா" என்றேன்.

"உங்கடை நாய் என்ரை வேட்டியைக் கிழிச்சுப்போட்டுது. இது கலியாணத்துக்குப் போற வேட்டி."

மன்னிப்புக் கேட்டேன். தையல் ரீச்சரைக் கூப்பிட்டேன். அவர் கிழிசலைப் பார்த்து, கரையோடு கரை சேர்த்துத் தைத்தால் தெரியாது என்றார். ஐயா, பிள்ளைகளின் வாங்கொன்றில் இருந்து வேட்டி நுனியை நீட்ட, ரீச்சர் அப்படியே நின்று தைத்தார். வகுப்பு முழுவதும் கணக்கை விட்டுவிட்டு ஊசி போவதையும் வருவதையும் பார்த்தது.

தைத்து முடிந்தபின் நான் ஐயாவோடு ஒழுங்கையில் நடந்தேன். மதகுக்குக் கொஞ்சம் முன்னாலேயே எப்போதும் இறங்கிவிடச் சொன்னேன், சைக்கிளை நாய்ப் பக்கம் வைத்துக்கொள்ளச் சொன்னேன். நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"இவ்வளவுதானோ?" என்றார் ஐயா.

"இவ்வளவுதான்."

"நல்ல நாய்தான் ரீச்சர், மோசமில்லை. கொஞ்சம் சொல்லி வையுங்கோ" என்று சொல்லிவிட்டு, மதகைத் தாண்டிப் பத்தடி போனதும் ஏறி, கலியாண வீட்டுக்கு மிதிக்கத் தொடங்கினார்.